வெளிப்பெட்டி

"என் பேரு கீழ இறங்க மாட்டேங்கு, டீச்சர்," என்றாள் ஜெபமலர்.

ரிஸ்வானா திரையைப் பார்த்தாள். வெள்ளைப் பக்கத்தின் உச்சியில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றாள். அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

தூத்துக்குடியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடந்த இணையப் பக்க வகுப்பு அது. முதல் பயிற்சி ஒன்றுதான். பக்கத்தின் நட்டநடுவில் அவரவர் பெயர் நிற்க வேண்டும். பக்கவாட்டிலும் நடு, மேல்கீழாகவும் நடு. வார முடிவுக்குள் நிற்காவிட்டால் பக்கத்து அறைக்கு, தட்டச்சு வகுப்புக்கு, மாற்றிவிடுவார்கள்.

அன்று சனிக்கிழமை. ஐந்து மணிக்கு மேலாளர் வருவார்.

ஜெபமலர் வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்தே தலை நரைத்தவள். பிறர் சொன்னதை அடித்து, பிறர் கையெழுத்துக்கு நீட்டியவள். ஆசிரியைக்கு அவள் மகளின் வயது. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்து அறைக்குள் மட்டும் போக மாட்டாள்.

நேற்று பெயர் நடுவில்தான் நின்றது. வெற்று வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து, தாளை உருட்டுவதுபோலப் பெயரைக் கீழே தள்ளியிருந்தாள்.

ரிஸ்வானா அந்தப் பக்கத்தைத் தன் கைப்பேசியில் திறந்தாள். நடுவில் இருந்தது. கைப்பேசியைப் படுக்கவாட்டில் திருப்பினாள்.

பெயரைக் காணோம்.

விரலால் பக்கத்தை மேலே தள்ளினாள். அடியில் எங்கோ கிடந்தது.

ஜெபமலர் தன் இடத்துக்குப் போய் வெற்று வரிகளை எல்லாம் அழித்தாள்.

இன்று காலை வேறு வழியில் தொடங்கினாள். பெயரை ஒரு பெட்டிக்குள் வைத்தாள். அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்தாள். உள்ளே இருப்பதை நடுவில் வை என்று வெளிப்பெட்டிக்குக் கட்டளை எழுதினாள். பெயர் பக்கவாட்டில் உடனே நடுவுக்கு வந்தது. மேல்கீழாக அசையவில்லை.

கட்டளையை அழித்து மறுபடி எழுதினாள். எழுத்துப்பிழை இல்லை. எழுத்துப்பிழை விட்டு அவளுக்குப் பழக்கமும் இல்லை.

பக்கத்து நாற்காலி ஐசக், பெயரை முந்தாநாளே நடுவில் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தான். எட்டிப் பார்த்தான்.

"இறங்க ஏன்க்கா பயப்படுது? கீழ தண்ணியா கெடக்கு?"

பெயருக்கு மேலே இடைவெளி கொடுத்து இறக்கப் பார்த்தாள். இறங்கியது. ஆனால் நேற்றுப் போலத்தான் என்று தெரிந்துவிட்டது. அவளே கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தாள். இடைவெளியை நீக்கினாள்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனார்கள். அவள் எழவில்லை. ஐசக் இரண்டு வடை கொண்டுவந்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். விடையைக் காட்டித் தரவா என்றும் கேட்டான். வடை போதும் என்றாள்.

நாலரைக்கு ரிஸ்வானாவைக் கூப்பிட்டாள். கோபம் இருந்தது. குரலில் வரவிடவில்லை.

"நான் சொல்லுறத அது கேக்கல டீச்சர்."

"சிவப்புக் கோடு போடுங்கக்கா."

"எதச் சுத்தி?"

"எல்லாத்தையும் சுத்தி."

ஜெபமலர் பெயர் இருந்த பெட்டிக்குச் சிவப்பில் எல்லை போட்டாள். பெயரைச் சுற்றிச் சின்னக் கட்டம் எழுந்தது. பக்கத்தின் உச்சியில், முன்பு இருந்த இடத்திலேயே.

"போட்டாச்சு."

"எல்லாத்தையும்னு சொன்னேன்."

மிச்சம் இருந்தது வெளிப்பெட்டி மட்டும்தான். அவள் கண்ணுக்குத் தெரியாத பெட்டி. பக்கம் முழுவதும் அதுதான் என்று நினைத்திருந்தாள். அதற்கும் கோடு போட்டாள்.

கோடு திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடியது. ஆனால் கீழே வரவில்லை. பெயரின் உயரத்துக்குமேல் ஒரு மயிரிழைகூட இல்லை. மேலே ஒட்டிய ஒரு நாடா. அதற்குள் பெயர்.

ஜெபமலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

நாடாவின் சரி நடுவில் இருந்தது பெயர்.

"எப்ப இருந்து இப்படி நடுவுல நிக்குது?"

"காலையில இருந்தே."

ஜெபமலர், கட்டளைகளில் பெயர் இருந்த வரியைவிட்டு மேலே போனாள். வெளிப்பெட்டிக்குத் திரையின் உயரம் முழுவதையும் கொடுத்தாள்.

ஐசக் எட்டிப் பார்த்தான். பெயரை எப்படி இறக்கினீர்கள் என்று கேட்டான்.

"நான் பேரத் தொடவே இல்லியே," என்றாள்.

அறை வாசலில் மேலாளர் வந்து நின்றார். பக்கத்து அறையில் இடம் ஒழுங்கு செய்துவிட்டதாகச் சொன்னார்.

"ஜெபமலர் யாரு?"

அவள் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள், திரையை மறைக்காமல்.