வெறும் வாயை அசைபோட்ட பசு

குளத்தங்கரைத் தொழுவம் ஒன்றில் செவலி என்ற சினைப்பசுவும் கருப்பன் என்ற வெள்ளாடும் இருந்தன. செவலியின் கழுத்தில் ஒரு பட்டை உண்டு. செவலி எவ்வளவு நேரம் அசைபோடுகிறது என்று அந்தப் பட்டை கணக்கெடுக்கும். அசைபோடுவது குறைந்தால் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். உடனே சொந்தக்காரி செங்கமலத்தின் செல்போன் கூவும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொழுவத்தில் பட்டைக்கு வைத்த பெயர் கோள்மூட்டி!

ஒருநாள் காலையில் செவலிக்குக் காய்ச்சல் கண்டது. தீவனம் இறங்கவில்லை. அசைபோடவும் மனமில்லை.

"ஐயோ, கோள்மூட்டி சொல்லிடுமே! டாக்டர் ஊசியோட வந்துடுவாரே!" என்று செவலி நடுங்கியது.

அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஊசிக்குப் பயம்! சிரிக்காதீர்கள், நம்மிலும் பலர் அப்படித்தான்.

கருப்பன் தீவனத் தொட்டியை எட்டிப் பார்த்தது. நிறையப் பருத்திக்கொட்டை!

"இதுக்கா அழுவுற அக்கா? பட்டைக்குக் கண்ணா இருக்கு? தாடை ஆடினாப் போதும். வெறும் வாயை மென்னுகிட்டே இரு!"

"தொட்டியில தீவனம் மிஞ்சிக் கிடக்குமே?"

"அந்தக் கஷ்டத்தை உனக்காக நான் பட்டுக்கிறேன்!"

செவலி வெறும் வாயை மென்றது. 'செவலி நலம்' என்றது செல்போன். முன்பெல்லாம் செங்கமலம் தினமும் மாட்டின் காதைத் தொட்டுப் பார்ப்பாள். பட்டை வந்தபின் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தொழுவத்து வாசலில் நின்றபடி காலித் தொட்டியைப் பார்த்தாள், செல்போனிலேயே மோட்டாரைப் போட்டாள், தக்காளித் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காய்ச்சல் ஏறியது. செவலிக்குக் கால்கள் தள்ளாடின. வயிற்றுக்குள் எப்போதும் துள்ளும் கன்று அன்று அசையவே இல்லை.

"கருப்பா, கன்னு உதைக்கல! எனக்குப் பயமா இருக்கு!"

"தூங்குது அக்கா. நீ மெல்லு. இன்னைக்குப் புண்ணாக்கு வேற கலந்திருக்காங்க!"

செவலி திரும்பிப் பார்த்தது. கருப்பனின் வயிறு உப்பிக் கிடந்தது. அப்போதுதான் செவலிக்கு எல்லாம் விளங்கியது. ஆத்திரம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. ஊசி குத்தினால் தனக்கு மட்டும் வலிக்கும். இந்தப் பொய் கன்றையல்லவா கொன்றுவிடும்!

செவலி தாடையை நிறுத்தியது.

"என்ன பண்ற? மெல்லு, மெல்லு!" என்று கருப்பன் பதறியது.

"செங்கமலத்தைக் கூப்பிடுறேன். எனக்குத் தெரிஞ்ச வழி இதுதான்."

சற்று நேரத்தில் தோட்டத்தில் செல்போன் அலறியது. செங்கமலம் ஓடி வந்தாள். செவலியின் காதைத் தொட்டாள்.

"அடி என் தாயி, இப்படிக் கொதிக்குதே! போனு நல்லாருக்குன்னு சொல்லவும், நான் ஒம் பக்கமே வராமப் போயிட்டேனே!"

டாக்டர் வந்தார். ஊசியைக் கண்டதும் செவலி கண்ணை மூடிக்கொண்டது. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் நகராமல் நின்றது. டாக்டர் ஆட்டின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"இவனுக்கும் ஒண்ணு போடணும் போலிருக்கே!"

பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் தணிந்தது. வயிற்றுக்குள் கன்று ஓங்கி ஓர் உதை விட்டது. இவ்வளவு சுகமான உதையைச் செவலி அதுவரை வாங்கியதே இல்லை.

நம் நலம் நாடுபவரிடம் நாமே நோயை மறைத்தால், எந்தக் கருவியாலும் நம்மைக் காப்பாற்ற முடியாது.