ஏரிக்கரையும் இரண்டு வாயும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா அரண்மனைக்கு மேற்கே, மேட்டில் ஓர் ஏரி வெட்டிக் கரை கட்டினார். வந்தது வினை.

"ராசா கட்டுன கரை ஐப்பசி மழைக்குத் தாங்காது" என்பாள் வெற்றிலை விற்கும் பூவாயி. "அட போ தாயி, ஆனை மிதிச்சாலும் அசையாது" என்பான் எதிரே சவரம் செய்யும் சுடலைமுத்து. விடிந்தால் அடைந்தால் இதே சண்டை. மாறுவேடத்தில் போன ராஜாவின் காதில் விழுந்தது. இருவரையும் சிறையில் தள்ளினார். புகழ்ந்தவனை ஏன் தள்ளினார் என்று கேட்காதீர்கள், ராஜா அல்லவா!

"இனி ஊருக்கெல்லாம் ஒரே பேச்சு!" என்றார்.

விகடகவி ஆதிமூலத்தைக் கண்டாலே பிரதானி வீரபாகுவுக்கு வயிறு எரியும். "பிரபு, அப்பணியை ஆதிமூலமே முடிக்கட்டும். பத்து நாளில் முடியாவிட்டால் நாடு கடத்துங்கள்" என்றார்.

ஆதிமூலம் ஒப்புக்கொண்டான். மறுநாளே பறை அறைவித்தான்: எவர் முதலில் என்ன சொன்னாலும் மற்றவர் எல்லாம் 'ஆமாம்' சொல்ல வேண்டும். சபைக்கும் அதே சட்டம். ஊர் அடங்கிவிட்டது. ராஜா சுகமாகத் தூங்கினார்.

ஒன்பதாம் நாள் மழை கொட்டியது. "கரை வைரமாக நிற்கிறது, பிரபு" என்று பிரதானி சபையைத் தொடங்கிவைத்தார்.

"ஆமாம்" என்றது சபை.

சற்று நேரத்தில் ராஜாவின் பாதுகை மிதந்து போயிற்று. "இதென்ன, தண்ணீரா?" என்று அலறினார்.

"இருக்க முடியாது, பிரபு. கரை வைரமாக நிற்கிறது என்று பிரதானி முதலில் சொல்லிவிட்டாரே" என்றான் ஆதிமூலம்.

"ஆமாம்" என்றது சபை.

"ஐயோ, யாராவது மறுத்துப் பேசுங்களேன்!"

"ஆமாம்."

ஆதிமூலம் கைகூப்பினான். "மறுத்துப் பேசத் தெரிந்த இருவர் தங்கள் சிறையில் இருக்கிறார்கள், பிரபு."

விடுதலையான இருவரும் கரைக்கு ஓடினார்கள். பின்னாலேயே ராஜாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சபையோடு ஓடினார். பூவாயி ஒரு நண்டு வளையில் கோலை விட்டு, "பாத்தியா, ஓட்டை!" என்றாள். "எங்க இருக்கு ஓட்டை?" என்று அதில் களிமண்ணை அடைத்தான் சுடலைமுத்து. அவள் அடுத்ததைக் காட்டினாள். அவன் அதையும் அடைத்தான். இப்படியே திட்டிக்கொண்டு போனார்கள், கசிவு நின்றது.

"தினமும் பொழுது சாய இதுதான் நடக்கும், பிரபு. அவள் சொன்னது மெய் என்று காட்ட வருவாள், பொய் என்று காட்ட இவன் வருவான். சிறையில் போட்ட நாள்முதல் கரையை எட்டிப் பார்க்க நாதியில்லை" என்றான் ஆதிமூலம்.

ராஜா வெட்கப்பட்டார். "நல்லது. இருவரில் யார் சொல்வது சரி? இப்போதே தீர்ப்புச் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

"வேண்டாம் பிரபு! தீர்ப்புச் சொன்னால் நாளைக்கு இருவரும் வரமாட்டார்கள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஆதிமூலத்துக்குப் போட்டு, "தகுமல்லவா, பிரதானியாரே?" என்றார்.

முழங்கால் சேற்றில் நின்ற பிரதானி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாம்" என்றார்.