மீசை ஆடாத விமானம்

கட்டுத்தறிப்பாளையத்தில் அறிவாளிகளுக்குக் குறைச்சலே கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால் அந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், தன் பெயரைத்தான் முதலில் சொல்வான். அப்பேர்ப்பட்ட ஊரில் ராக்கியண்ணன் ஒரு விமானம் கட்டினான். ஆகாயத்தின் மேல் ஆசைப்பட்டு அல்ல, மீசை போய்விடுமே என்று பயந்து.

ராக்கியண்ணனிடம் மெச்சிக்கொள்ளும்படி இருந்த ஒரே சாமான் அந்த மீசைதான். கன்னம் முழுவதும் படர்ந்து காதுப்பக்கம் வளைந்து ஏறும். காலையில் விளக்கெண்ணெய் போட்டு நீவாமல் அவன் வாசலுக்கு வரமாட்டான். டீக்கடையில் அவனுக்கு யாராவது எழுந்து இடம் கொடுத்தால் அது மீசைக்குக் கொடுத்த இடம்தான். இது ஊருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவனுடைய மச்சான் குழந்தைவேலு பக்கத்துப் புதூரில் இருந்தார். அவருக்கும் மீசை உண்டு, கொஞ்சம் சிறிது. அந்தக் குறையை ஈடுகட்டத்தானோ என்னவோ, புதுக்கார் ஒன்று வாங்கினார். வாங்கியவர் சும்மா இருக்காமல் ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்க, "மாப்ள, இன்னும் பஸ்ஸுலதான் வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். ராக்கியண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு வானத்தில் பறந்து வருகிறேன், இல்லாவிட்டால் உங்கள் பந்தலிலேயே மீசையை எடுத்துவிடுகிறேன் என்று கையில் இருந்த ஜாங்கிரி மேல் சத்தியம் செய்தான். செய்த பிறகுதான் விமானத்துக்கு எங்கே போவது என்கிற யோசனை வந்தது.

துணைக்கு மூன்று பேர் சேர்ந்தார்கள். சைக்கிள் கடை சென்னியப்பனுக்கு எதையும் கழற்றத் தெரியும். பொங்கியண்ணன் கனமானவன், நகரக்கூடாத சாமான் மேல் உட்கார்த்தி வைக்கலாம். அர்த்தநாரி யோசனை சொல்கிறவன். பிறந்ததிலிருந்து வேறு எந்தத் தொழிலும் அவன் பார்த்ததில்லை.

அலுமினியக் குழாயில் உடம்பு கட்டினார்கள், பழைய பிளக்ஸ் பேனரில் இறக்கை தைத்தார்கள். எஞ்சின், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. ஏதோ ஜப்பான் காரில் இருந்த ரோட்டரி எஞ்சின். மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும், இதில் மூன்று மூலை உள்ள இரும்புக் கட்டி ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். குதிக்காத எஞ்சின் என்றால் அதிராது என்று முடிவு செய்து, அதை நேராகச் சட்டத்தோடு வைத்து போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள்.

தோட்டத்தில் முதல் தடவையாக எஞ்சினை முடுக்கினார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த ராக்கியண்ணனுக்குத் தென்னைமரம் எல்லாம் ரெட்டை ரெட்டையாகத் தெரிந்தது. பல் தந்தியடித்தது. மீசை நுனி இரண்டும் மாறி மாறிக் கண்ணைக் குத்தின.

"விமானம் ரொம்ப ஆடுச்சா?" என்று இறங்கியதும் கேட்டான்.

"அதைக் கவனிக்கலீங்க," என்றான் பொங்கியண்ணன். "மீசை ஆடுச்சு."

அர்த்தநாரி உடனே ஒரு சட்டம் போட்டான். மீசை ஆடினால் அதிர்வு இருக்கிறது, ஆடாவிட்டால் இல்லை. இந்தக் கதை முழுவதிலும் அவர்கள் பேசியதில் புத்தியோடு பேசிய பேச்சு இது ஒன்றுதான். அதுதான் அவர்களைக் கெடுத்தது.

ஏன் அதிர்கிறது என்று அன்று முழுவதும் பேசினார்கள். மூன்று மூலை உள்ள சாமான் சுற்றினால் இடிக்காமல் என்ன செய்யும், திறந்து மூலைகளை அரத்தால் ராவி உருண்டையாக்கிவிடலாம் என்றான் சென்னியப்பன். எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. அரத்தை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்ததால் எஞ்சின் தப்பித்தது.

பொங்கியண்ணனின் தங்கச்சி மாப்பிள்ளை பெங்களூரில் விமானக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அவருக்குப் போன் போட்டார்கள். அவர் பொறுமையான மனிதர், அதாவது அந்த முதல் போன் வரைக்கும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு மூலையிலும் ரப்பர் வைக்க வேண்டும் என்றார். ரொம்பக் கெட்டியாக இருந்தால் அதிர்வு அப்படியே சட்டத்துக்கு இறங்கிவிடும், ரொம்ப மெத்தென்று இருந்தால் எஞ்சின் தள்ளாடும், இரண்டுக்கும் நடுத்தரமாகப் பார்த்து எடுங்கள், எஞ்சின் எடையைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நடுத்தர ரப்பர் கட்டுத்தறிப்பாளையத்தில் கிடைக்கவில்லை. கெட்டி ரப்பர் லாரி டயரில் இருந்தது. மெத்து ரப்பர் அர்த்தநாரியின் ஹவாய் செருப்பில் இருந்தது. இடது பக்க மூலைகளில் டயரும் வலது பக்க மூலைகளில் செருப்பும் வைத்துவிட்டால், கூட்டிக் கழித்து நடுத்தரம் வந்துவிடும் என்று அர்த்தநாரி கணக்குச் சொன்னான். சொல்லிவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனான்.

எடை பார்க்கிற பொறுப்பு பொங்கியண்ணனுக்கு. அவனும் எஞ்சினும் ஏறக்குறைய ஒரே கனம். நாலு ரப்பர் மேலும் பலகை போட்டு அவனை உட்கார வைத்தார்கள். காலையில் உட்கார்ந்தவன் சாப்பாட்டு வேளை வரைக்கும் தூங்கினான். எழுந்ததும், நல்ல ரப்பர், இடுப்பு வலிகூடப் போய்விட்டது என்று சான்று கொடுத்தான்.

எஞ்சினை அதன்மேல் ஏற்றியதும் அது வலப்பக்கம் சாய்ந்து நின்றது. ராக்கியண்ணன் தன் தலையையும் அதே பக்கம் சாய்த்துப் பார்த்தான், நேராகத்தான் இருந்தது. புதூர் போய்ச் சேருகிற வரைக்கும் தலையை இப்படியே வைத்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டான். முடுக்கினார்கள். மீசை முன்னைவிட அதிகமாக ஆடியது.

மறுபடியும் போன். ரப்பர் வைத்தும் அதிர்கிறது என்றால் எங்கேயோ இரும்பு இரும்பைத் தொடுகிறது, அதைக் கண்டுபிடியுங்கள் என்றார் இன்ஜினியர். குனிந்து பார்த்தார்கள். போல்ட் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் எஞ்சினைத் தொட்டு அந்தப் பக்கம் சட்டத்தைத் தொட்டு, நடுவில் ரப்பரையும் ஊடுருவிக்கொண்டு நின்றது, துரோகி. எல்லா போல்ட்டையும் கழற்றி எறிந்தான் சென்னியப்பன். கடையிலிருந்து பழைய சைக்கிள் ட்யூபை அறுத்துக்கொண்டு வந்து, கட்டுச்சோற்று மூட்டையைக் கட்டுகிற மாதிரி எஞ்சினை இழுத்துக் கட்டினான். இப்போது இரும்பை இரும்பு தொடவில்லை. சொல்லப்போனால் எதையும் எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

மீசை அப்போதும் ஆடியது. புண்ணியார்ச்சனை நெருங்கிவிட்டது. ராக்கியண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. மீசையில்லாமல் டீக்கடைக்குப் போவதுபோலவும், தன்னை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்காததுபோலவும் பகலிலேயே கனவு வந்தது. போனை எடுத்து அழுகிற குரலில் பேசினான்.

செருப்பு, டயர் கதையெல்லாம் இன்ஜினியர் கேட்டு முடித்தார். பிறகு, சரியான ரப்பர் புஷ் நாலு நானே கூரியரில் அனுப்புகிறேன், உங்கள் செருப்பைக் காலில் போடுங்கள் என்றார். வைப்பது எப்படி என்று கேட்டதற்கு, சுருக்கமாகச் சொன்னால்தான் இவர்களுக்குப் புரியும் என்று நினைத்தார், பாவம்.

"எஞ்சின் ஆடத்தான் செய்யும், ஆடட்டும். எது ஆடக் கூடாதோ, அதுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இந்த புஷ் இருக்கணும். அவ்வளவுதாங்க."

புஷ் வந்து சேர்ந்தது. கறுப்பாக, கனமாக, பார்த்தாலே மரியாதை வருகிற மாதிரி இருந்தது. நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எது ஆடக் கூடாது என்று அர்த்தநாரி கேட்டான். கேட்டவனோடு சேர்ந்து மூவரும் ஒரே சமயத்தில் ராக்கியண்ணனின் மூக்குக்குக் கீழே பார்த்தார்கள். ராக்கியண்ணனே குனிந்து பார்க்க முயன்றான்.

ஆக, மீசைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் புஷ் வர வேண்டும். முதலில் சீட்டில் நாலு புஷ்ஷையும் வைத்து அதன்மேல் ராக்கியண்ணனை உட்கார வைத்தார்கள். மீசை நன்றாகவே அடங்கிவிட்டது, ஆனால் நுனியில் மட்டும் லேசாக ஒரு துடிப்பு மிச்சம் இருந்தது. வேறு யாராவது இருந்தால் போதும் என்று விட்டிருப்பார்கள். அர்த்தநாரி விடுகிற ஆள் இல்லை.

"புஷ் சரியாத்தான் இருக்குதுங்க," என்றான். "அதுக்கும் மீசைக்கும் நடுவுல ஒரு மூஞ்சி வருது பாருங்க. அதுதான் கடத்துது."

"மூஞ்சியை என்னங்க பண்றது?" என்றான் பொங்கியண்ணன்.

"மூஞ்சி இருக்கட்டும். மீசையை எடுத்து நேரா புஷ்மேல வெச்சுப்போடலாம்."

ராக்கியண்ணன் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டான். மீசையைக் காப்பாற்றத்தானே இத்தனை பாடும் என்றான். அவன் குரல் நடுங்கியது, அதை எந்த ரப்பரும் தாங்கியிருக்காது.

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்," என்றான் அர்த்தநாரி. "பறக்கலைன்னா மீசை போயிரும். பறக்கோணும்னா அதிரக் கூடாது. அதிராம இருக்கோணும்னா மீசையை எடுக்கோணும். எடுத்துப்போட்டா, அப்புறம் அது போறதுக்கு வழியே இல்லை."

ராக்கியண்ணன் வெகுநேரம் யோசித்தான். பழக்கமில்லாத வேலை, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. எங்கே சுற்றினாலும் மீசை தப்பிக்கிற வழி இது ஒன்றுதான் என்று அவனுக்கும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினான். சென்னியப்பன் அலுங்காமல் நலுங்காமல் வழித்தெடுத்து, வளைவு கெடாமல் ஒரு பலகையில் கஞ்சிப் பசை போட்டு ஒட்டி, பலகையின் நாலு மூலையிலும் புஷ்ஷைப் பொருத்தினான். புஷ் இந்த எடையைத் தாங்குமா என்று பொங்கியண்ணன் கவலைப்பட்டான். எஞ்சினுக்கே அனுப்பினதாயிற்றே, சமாளித்துக்கொள்ளும் என்று அவனைத் தேற்றினார்கள்.

அன்று ராக்கியண்ணன் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி பாவாத்தாள் வாசலில் நின்றுகொண்டு, "யாருங்க, என்ன வேணும்?" என்றாள்.

ராக்கியண்ணன் திகைத்துப்போய், "ராக்கியண்ணன் இருக்காருங்களா?" என்றான்.

"ஏரோப்ளேன் கட்டறேன்னு தோட்டத்துக்குப் போயிருக்குது," என்றாள் அவள். அவனும் சரி என்று தோட்டத்துக்கே திரும்பிப் போனான்.

புண்ணியார்ச்சனை நாள் காலையில் விமானத்துக்குத் தேங்காய் உடைத்தார்கள். ராக்கியண்ணன் உள்ளே ஏறி உட்கார்ந்து தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டான். பக்கத்தில் மீசைப் பலகை. எஞ்சினை முடுக்கியதும் மூவரும் பலகையையே பார்த்தார்கள். ஒரு முடி அசையவில்லை. இன்னும் முடுக்கச் சொன்னார்கள், அப்போதும் அசையவில்லை. முழு வேகம் கொடுத்தான்.

சைக்கிள் ட்யூப் எவ்வளவு நேரம்தான் தாங்கும். எஞ்சின் கட்டை அறுத்துக்கொண்டு, முன்னால் மாட்டிய காற்றாடியோடு சோளக்காட்டுக்குள் புகுந்து, ஒரு பாத்தி நீளத்துக்கு அறுவடையும் செய்துவிட்டுப் பக்கத்துக் கிணற்றில் விழுந்தது. இதை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் மீசை மேல் இருந்தது. அது கல் மாதிரி நின்றது.

"எப்பேர்ப்பட்ட அமைதி," என்று ராக்கியண்ணன் கண்கலங்கச் சொன்னான். "சத்தம்கூடக் கேக்கல."

எஞ்சின் போய்விட்டது என்று தெரிந்து அவனை இறக்குவதற்குள் பொழுது ஏறிவிட்டது. எஞ்சின் இல்லாமல் பறக்க முடியாது என்பதில் மட்டும் நாலு பேருக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை. ராக்கியண்ணன் இடிந்துபோய், மீசைப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். புதூர் ரோடு குண்டும் குழியுமானது. நின்றவர்கள் உட்கார்ந்தவர்கள் மேல் விழுந்தார்கள், கண்டக்டரின் விசில் வாயை விட்டுப் போனது. பலகையில் மீசை இருந்த இடத்தில் இருந்தது.

பந்தலில் மச்சான் காத்துக்கொண்டிருந்தார். கத்தரியும் கண்ணாடியும் தாம்பாளத்தில் வைத்து, சொந்தபந்தத்தையெல்லாம் வட்டமாக உட்கார்த்தி வைத்திருந்தார்.

"பறந்து வந்தீங்களா மாப்ள?"

"இல்லீங்க மச்சான்."

"அப்ப மீசையை எடுங்க."

ராக்கியண்ணன் தலையைக் குனிந்தபடி பலகையை நீட்டினான். சிரிக்கப்போகிறார்கள் என்று உடம்பு கூசியது. மச்சான் சிரிக்கவில்லை. பலகையை வாங்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். இந்த ரோட்டிலா கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றான். சொந்தக்காரர்களை விலக்கிக்கொண்டு அவனைத் தனியாக அழைத்துப் போனார்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க மாப்ள," என்றார் தாழ்ந்த குரலில். "புதுக்காரு வாங்குனதுல இருந்து இந்த ரோட்டுல போனா என்ற மீசை என்னமா ஆடுது தெரியுங்களா. பாக்கறவன் எல்லாம் சிரிக்கறான். பலகைல இன்னொண்ணுக்கு எடமிருக்குமா?"

இருந்தது. தாம்பாளத்தில் தயாராக இருந்த கத்தரிக்கும் வேலை வந்தது. சற்று நேரத்தில் பலகையில் பெரிய மீசையும் சின்ன மீசையும் அக்கம்பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. பந்தலில் மீசை இல்லாதவர்கள் இரண்டு பேராகிவிட்டதால் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் சொந்தக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். ராக்கியண்ணனுக்குப் போன மானம் பாதிக்கு மேல் திரும்பி வந்தது.

ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிடலாம் என்று மச்சான் காரைத் திறந்தார். மீசை அதிகமாக ஆடியது ஸ்டீயரிங் பிடிக்கிற சீட்டில்தான், அதனால் பலகையை அங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். வைத்து, பெல்ட்டும் மாட்டினார். பிறகு இருவரும் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, முன்னால் எட்டி எட்டி மீசைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். இரண்டும் இம்மியும் அசையவில்லை.

மச்சான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளையின் தொடையில் தட்டினார்.

"என்ன ரப்பரு மாப்ள. வண்டி போறதே தெரியல."