கேமராவால் எடுக்க முடியாத படம்

கிட்ட வந்து உட்காருங்க, சத்தமாகச் சொல்லும் கதையில்லை இது. கல்யாண மண்டபத்தில் பெருக்குகிற பேச்சியம்மா, மணமக்களைப் படமெடுக்க ஆசையாய் போனைத் தூக்கினாள். மேடையில் நின்ற போட்டோகிராபர் அரங்கநாதன் அவள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"டப்பா போனைக் கீழ வை! என் கேமராவால எடுக்க முடியாத படம் ஒண்ணு எடுத்துக் காட்டு. இல்லன்னா மேனேஜர்கிட்டச் சொல்லி இன்னிக்கே உன்னை வேலையை விட்டுத் தூக்கிருவேன்!"

"சரிங்க சார். கொஞ்சம் இங்க பாருங்க, அசையாதீங்க."

கெட்டிமேளம் கொட்டியது. அவர் பதறித் திரும்புவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது.

"அடப்பாவி, தாலி கட்டுனதை எடுக்கலையா?" பெண்ணின் அம்மா அலறினார்.

பேச்சியம்மா அந்த அம்மாவிடம் போனை நீட்டினாள். படத்தில் மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முதுகைக் காட்டியபடி, கேமராவும் கையுமாக அரங்கநாதன்.