கூழ் குடித்தவன் சாட்சி

ஒரு பரிசோதனைக் கூடத்தின் குளிர்பெட்டியில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. அதற்குள் இருந்தது சைக்கிள் பந்தய வீரன் கருத்தப்பாண்டியின் சிறுநீர். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் கதை அதற்குள்தான் நடக்கிறது.

முதல் குப்பியைத் திறந்து பார்த்தவர்கள், அவன் ஊக்கமருந்து எடுத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். இது இரண்டாவது குப்பி. அவன் கண்ணெதிரிலேயே திறக்கப்பட வேண்டியது. இதுவும் அதையே சொன்னால் நாலு வருடத்துக்குப் பந்தயம் கிடையாது. பதக்கமும் போகும், பேரும் போகும்.

குப்பிக்குள் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் சுரப்புகள் கூட்டம் கூட்டமாக நின்றன. ஓர் ஓரத்தில், அவன் உடம்பிலேயே பிறந்த வேறொரு சுரப்பு ஒதுங்கி நின்றது. அதன் பேர் உள்ளூரான்.

"இத்தனை பேர் எப்போது வந்தீர்கள்?" என்று உள்ளூரான் கேட்டது.

"பந்தயத்துக்கு முந்தின வாரம். தோளில் தடவிய களிம்பு வழியாக. நாங்கள் சோயாவிலிருந்து மருந்தாலையில் பிறந்தவர்கள். ஆனால் முகத்தைப் பார், அச்சு அசலாக உன் அண்ணன், இந்த உடம்பிலேயே ஊறுகிற டெஸ்டோஸ்டிரோன்."

"என் அண்ணன் எங்கே?"

"நாங்கள் வந்ததும் உடம்பு அவனைச் சும்மா உட்காரச் சொல்லிவிட்டது."

மலையேற்றத்தில் எல்லாம் அண்ணன்தான் அந்த மனிதனை இழுத்துக்கொண்டு போவான். அவனை நம்பாமல் போய்விட்டார்களே என்று உள்ளூரானுக்கு வருத்தமாக இருந்தது. இருந்தாலும் வீட்டு மானம் வெளியே போகக் கூடாது அல்லவா?

"கேட்டால், நீங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்றே சொல்கிறேன்" என்றது.

மறுநாள் காலை குப்பியைத் திறந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கருத்தப்பாண்டியும் அவன் மனைவி பேச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். கார்பனை நிறுக்கும் கருவி விசாரணையைத் தொடங்கியது.

"இவர்கள் உனக்கு என்ன உறவு?"

"கூடப் பிறந்தவர்கள்."

"ஒரே சாப்பாட்டில் வளர்ந்தவர்களா?"

"ஒரே வீடு, ஒரே சட்டி. கம்பங்கூழும் கரும்பு வெல்லமும். எந்த ஊர்ப் பந்தயம் என்றாலும் பேச்சி கம்பு மாவைக் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிடுவாள். அவள் கைப்பக்குவம் உனக்கு எங்கே தெரியப் போகிறது?"

பெருமையில் அது கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டது.

"எனக்கு முகம் பார்க்கத் தெரியாது" என்றது கருவி. "எரித்து, வருகிற கார்பனை நிறுப்பேன். கார்பனில் லேசானதும் உண்டு, கனமானதும் உண்டு; தின்றதில் எப்படியோ, உடம்பில் ஊறுவதிலும் அப்படியே இருக்கும். கம்பிலும் கரும்பிலும் கனமான கார்பன் சற்றுக் கூடுதல், சோயாவில் குறைவு. அரிசியும் கோதுமையும் தின்று வளர்ந்திருந்தால் வித்தியாசம் இவ்வளவு தெரிந்திருக்காது."

உள்ளூரானுக்கு அப்போதுதான் புரிந்தது. "நான் சொன்னதை மறந்துவிட முடியுமா?" என்று கெஞ்சியது.

"நீ வாயே திறக்காவிட்டாலும் நிறுத்திருப்பேன்."

உள்ளூரானை முதலில் எரித்தது. கூழ் குடித்த கனம் அப்படியே இருந்தது. பிறகு மற்றவர்களை எரித்தது. இரண்டு எண்களும் வெகுதூரம் விலகி நின்றன.

பரிசோதனை செய்த டாக்டரம்மா முடிவுத் தாளோடு வெளியே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பேச்சி எழுந்துவிட்டாள்.

"அம்மா, ஒண்ணு எழுதிக்கிடுங்க. கல்யாணமாகி ஆறு வருசமா நான் காச்சுற கம்பங்கூழத் தவிர அவுக கண்டதையும் வாயில வச்சதில்ல. எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்."

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"தெரியுதும்மா. நீங்க குடுத்த கூழு இந்தத் தாள்ல நல்லாவே தெரியுது."

பேச்சி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நாந்தான் சொன்னேன்ல" என்று சிரித்துக்கொண்டே புருஷன் பக்கம் திரும்பினாள்.

கருத்தப்பாண்டி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.