தோள் மாற்றிய புழுக்கள்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, மாறங்குடின்னு ஒரு ராஜ்யம். ராஜா பேரு எதுக்கு, அவன் ஒண்ணும் கிழிக்கலை. நாட்டை ஆட்டி வச்சதெல்லாம் கரிமுகன்ங்கிற மந்திரவாதி. இருபது வருஷமா அவன் கால் தரையில பட்டதில்லை. எங்கே போனாலும் பல்லக்குதான். சுமக்கிறதுக்குப் பன்னிரண்டு பேர். "தோள் மாத்து, தோள் மாத்து"ன்னு குரல் கொடுத்து, களைச்சவன் விலக இன்னொருத்தன் உள்ளே நுழைஞ்சு, மாத்தி மாத்தித்தான் சுமப்பாங்க.

ஒரு நாள் உச்சி வெயில்ல, கரட்டுப் பாறை மேல போறப்ப, சுமக்கிறவர்களில் மூத்தவர் மாடக்கண்ணு சுருண்டு விழுந்தார்.

"அவனை ஓரமாத் தள்ளிட்டு நடங்கடா"ன்னான் கரிமுகன்.

தண்ணிக் குடத்தோட கூட வந்த அவர் மகள் வெள்ளச்சி, "பல்லக்கை இறக்குங்கண்ணே" என்றாள். இறக்கிட்டாங்க. அவள் அப்பா வாயில தண்ணியை ஊத்தினாள்.

அதுக்கு வந்ததே அவனுக்குக் கோபம். "புழுவாப் போங்க. இந்தப் பாறையில இருக்கிறவங்க பொழுது சாயறதுக்குள்ள கீழே ஏரித் தண்ணியைத் தொடணும். தொடாதவங்க காலத்துக்கும் புழுதான்"னு கோலைத் தட்டினான். பதிமூணு பேரும் கம்பளிப்பூச்சி ஆயிட்டாங்க. விழுந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணி கொடுத்தது குத்தமாம். எனக்கு இன்னும் வயிறு எரியுது.

முதல்ல ஆளுக்கொரு பக்கமா ஊர்ந்தாங்க. ஒரு முழம்கூட நகரலை. அப்புறம் வரிசையாப் போனாங்க. கிழவர் நின்னா எல்லாரும் நின்னாங்க. விட்டுட்டுப் போக மனசு வரலை. கரிமுகன் பல்லக்குல சாஞ்சு சிரிச்சான்.

மூணாவதா வெள்ளச்சி சொன்னாள்: "நமக்குத் தெரிஞ்ச வேலைதானே. தோள் மாத்துங்கண்ணே."

"தோளே இல்லையேம்மா."

"முதுகு இருக்குல்ல."

பாதிப் பேர் கீழே நடந்தாங்க. மீதிப் பேர் அவங்க முதுகு மேல நடந்தாங்க. கீழேயும் நடை, மேலேயும் நடை, மேல இருக்கறவங்களுக்கு ரெட்டை வேகம். முன்னாடி வந்தவர் இறங்கிச் சுமப்பார், பின்னாடி இருக்கறவர் ஏறிப்பார். தோள் மாத்து, தோள் மாத்து. கிழவரும் தன் முறைக்குச் சுமந்தார், வேண்டாம்னாலும் கேக்கலை.

சூரியன் பாதி இறங்கினப்போ பதிமூணு பேரும் தண்ணியைத் தொட்டாங்க. மனுஷங்களா எழுந்து நின்னாங்க.

அப்பத்தான் கரிமுகனுக்கு உறைச்சது. அவனும் அந்தப் பாறையிலதானே இருக்கான். கோலைத் தட்டித் தட்டிப் பார்த்தான், சொன்ன சொல் திரும்பி வரலை. காலை ஊன்றினான், கால் நிக்கலை. "யாராவது தூக்குங்கடா"ன்னு கத்தினான். ஓடிப் போய்த் தூக்க நேரமில்லை. நேரம் இருந்தா போயிருப்பாங்களான்னு கேட்காதீங்க, நான் போயிருக்க மாட்டேன். பொழுது சாஞ்சுது. மெத்தையில ஒரு புழு கிடந்தது.

மறுநாள் பல்லக்கைப் பிரிச்சு மாடக்கண்ணுக்குக் கட்டில் போட்டாங்க. அதுக்கப்புறம் மாறங்குடியில மனுஷனை மனுஷன் சுமக்கலை.

பாறை இடுக்குல இருந்த நிஜப் புழுக்கள் அத்தனையையும் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. கம்பளிப்பூச்சிங்க ஒண்ணு முதுகு மேல ஒண்ணா ஊர்ந்து போகுதே, அன்னைக்குக் கத்துக்கிட்டதுதான் இந்தக் கூட்ட நடை. முருங்கை மரத்துல கூட்டத்தைக் கண்டதும் பந்தம் கொளுத்திக்கிட்டு ஓடறீங்களே, அதுல ஒண்ணாவது இன்னொண்ணைத் தள்ளிட்டுப் போகுதா பாருங்க. எங்கேயாவது ஒண்ணே ஒண்ணு, தூக்க ஆள் வருமான்னு தலையைத் தூக்கிப் பார்த்துக்கிட்டுத் தனியாக் கிடந்தா, அது யாருன்னு உங்களுக்கே தெரியும்.