ஆணியில் தொங்கிய மாலை

"குருசாமி, எங்கண்ணன் விரதத்துல என்ன குறை?"

சபரிமலையிலிருந்து திரும்பிய வேன் குருசாமியின் வீட்டு வாசலில் நின்றதும் தங்கமாரியப்பன் கேட்ட முதல் கேள்வி இதுதான். நாற்பத்தொரு நாளாகத் தொண்டையில் வைத்திருந்த கேள்வி.

"முதல்ல காலைக் கழுவுங்க, சாமி," என்றார் குருசாமி.

மாலை போட்டுவிட்டால் எல்லாரும் எல்லாருக்கும் சாமி. மற்ற நாட்களில் குருசாமி, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடும் அருணாசலவேல். தங்கமாரியப்பனுக்கு ஏழு வயது இளையவர். அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

தங்கமாரியப்பன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். நேரத்தை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் உத்தியோகம்.

அவன் அப்பா ஐம்பத்திரண்டாம் வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். அண்ணன் சுடலைமுத்து போன பங்குனியில், சாப்பிட்ட கையைக் கழுவப் போன இடத்தில் சரிந்தார். அவருக்கும் ஐம்பத்திரண்டு.

தங்கமாரியப்பனுக்கு நாற்பத்தொன்பது. மிச்சத்தை அவன் தினமும் எண்ணினான். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

மற்றவர்கள் மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேனுக்குத் திரும்பியபின், காலைக் கழுவிவிட்டு வந்தான். உட்காரவில்லை.

"பதினாறு வருஷம் அவன் மாலை போட்டான். பீடி கிடையாது, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. ஒரு மண்டலம் முழுசா இருந்தான். மாலையைக் கழட்டுனப்புறந்தான் பீடியைத் தொடுவான்."

மண்டலம் என்பது நாற்பத்தெட்டு நாளா, நாற்பத்தொன்றா என்று விவரம் தெரிந்தவர்களுக்குள் இன்னும் வழக்கு உண்டு. அண்ணன் தம்பி இருவரும் அந்த ஆராய்ச்சியில் ஆழ்ந்து இறங்கி, குறைந்ததே சரி என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

"உங்களுக்கு எப்படி இருக்கு, சாமி?"

"எனக்கென்ன? ஆடியில டாக்டர் பாத்தப்போ பிரஷர் நூத்தெழுபது. மலைக்குக் கிளம்புறதுக்கு முன்னால பாத்தா நூத்திமுப்பது. மாத்திரை அதேதான், வேற என்ன சாப்பிடுதீங்கன்னு கேட்டாரு. ஐயப்பன்னு சொன்னேன்."

"சிரிச்சாரா?"

"எழுதிக்கிட்டாரு."

குருசாமி தலையாட்டினார்.

"தினமும் கோயிலுக்கு எப்படிப் போனீங்க?"

"நடந்துதான். விடியக்காலம் அஞ்சரைக்கு. போக வர நாலு கிலோமீட்டர்."

"நாளைக்கு?"

"நாளைக்கு எதுக்கு நடக்கணும்? அதான் முடிஞ்சுட்டே!"

வேனிலிருந்து ஹாரன் அலறியது. "மாரியப்பன் சாமி, பேச்சை முடிங்க! பைபாஸ் கடையில முதல் ஈடு பரோட்டா தீந்துரும்!" ஏற்கெனவே மாலையைக் கழற்றிவிட்ட ஒருவர் இன்னும் பழக்கத்தில் சாமி போட்டுக் கூப்பிட்டார்.

தங்கமாரியப்பனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் சிகரெட் பாக்கெட். வழியில் வாங்கியது. பிரிக்காத பாக்கெட்டால் விரதம் கெடாது என்பது அவனுடைய வியாக்கியானம்.

"மாலையைக் கழட்டிவிடுங்க, குருசாமி. அவனுவ நிக்கமாட்டானுவ."

"அண்ணன் கேள்விக்குப் பதில் வேண்டாமா?"

"அதையும் சொல்லுங்க. ஒரு குறையும் இல்லாத மனுசனை ஐயப்பன் எதுக்குக் கைவிட்டாரு? நாளைக்கு என்னை மட்டும் காப்பாத்துவாருன்னு எப்படி நம்புறது? எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை, தம்பி."

விரதத்தில் இருப்பவன் குருசாமியைத் தம்பி என்று சொல்லக் கூடாது. இருவருமே அதைத் திருத்தவில்லை.

குருசாமி எழுந்து மந்திரத்தை முணுமுணுத்தபடி அவன் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார். பூஜை அறைக்குள் போனார். தங்கமாரியப்பன் பின்னாலேயே போனான்.

அந்தக் குழுவுக்கென்று ஒரு வழக்கம். கழற்றிய மாலைகள் அடுத்த கார்த்திகை வரை குருசாமியின் பூஜை அறைச் சுவரில்தான் தொங்கும். ஆளுக்கு ஓர் ஆணி.

எல்லா ஆணியிலும் சற்றுமுன் கழற்றிய மாலைகள். இரண்டைத் தவிர. ஒன்று தங்கமாரியப்பனுடையது, காலி. அதற்கு அடுத்த ஆணியில் தூசி படிந்த மாலை ஒன்று தொங்கியது.

"அண்ணனோடது," என்றான்.

குருசாமி அந்த மாலையை எடுத்துத் துண்டால் துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு மணியாகப் பார்த்தார்.

"இதோட விரதத்துல ஒரு குறையும் இல்லை. போன மார்கழியில இங்க தொங்கவிட்டோம். அன்னையில இருந்து ஒரு பீடி பிடிக்கல. ஒரு பரோட்டா தின்னல. பாருங்க, எவ்வளவு திடமா இருக்கு."

அதைத் திரும்ப மாட்டினார். பக்கத்து ஆணியில் தங்கமாரியப்பனின் மாலையை மாட்டினார்.

"உங்க விரதத்தையும் இனி இது பாத்துக்கிடும். நீங்க கிளம்புங்க, அண்ணாச்சி."

ஹாரன் மறுபடி அலறியது.

தங்கமாரியப்பன் இரண்டு மாலைகளையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு தன் மாலையோடு சேர்த்து, அந்த ஆணியிலேயே குத்தி மாட்டினான்.

"அண்ணாச்சின்னு கூப்பிடாதீங்க," என்றான். "சாமின்னே கூப்பிடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"எண்ணாதீங்க."